அத்தியாயம் 6: ஆபரேஷனுக்குப் பின் எவ்வளவு தூரம் நடக்கலாம்?

என் பெரியம்மாவுக்கு 68 வயதில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. கீழ்முதுகில் நரம்புகள் இறங்கிவரும் கால்வாய் அவருக்குச் சுருங்கிப்போயிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களாக, தெருமுனைப் பால் பூத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடங்களில் உட்காருவார். எந்த வீட்டுத் திண்ணை, எந்தக் கடையின் ஸ்டூல் என்று கணக்கே வைத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், "இவ்வளவு செலவு பண்ணி என்னடா பிரயோஜனம், முதுகு வலி அப்படியேதான் இருக்கு" என்று அலுத்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவிலா வந்தீங்க, பெரியம்மா?"

"ஆட்டோ எதுக்கு? நடந்துதான் வந்தேன்."

வழியில் எங்காவது உட்கார்ந்தீர்களா என்று கேட்டபோதுதான் அவர் யோசித்தார். எங்குமே உட்காரவில்லை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்.

அந்த ஆபரேஷன் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருந்தது. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அவரை உட்காரவைத்து யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் கால் திரும்பக் கிடைத்ததை அவர் கவனிக்கவே இல்லை. முதுகு வலியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். இந்தப் புத்தகத்தை எழுதத் தொடங்கியதற்கு அந்த உரையாடலும் ஒரு காரணம். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த அத்தியாயத்தையாவது படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கத்தி எதைத் தொடுகிறது

தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் உயரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போலப் பிரிந்து தொங்கும் நரம்புக் கற்றைதான் கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிறது. வயதாக ஆக டிஸ்க் பின்பக்கம் பிதுங்கும். மூட்டுகள் தேய்ந்து தடிக்கும். எலும்புகளைப் பின்புறத்தில் இணைக்கும் நார் மொத்தமாகும். மூன்றும் சேர்ந்து கால்வாயை நெருக்குகின்றன. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் 'எல் 4 - எல் 5' என்று வருவதற்குக் காரணம், இந்தத் தேய்மானம் அதிகமாக நடக்கும் இடம் அதுதான்.

நிமிர்ந்து நிற்கும்போது கால்வாய் இன்னும் குறுகும், முன்னால் குனிந்தால் சற்று விரியும். நூறு அடி நடப்பதற்குள் கால் கடுத்து நின்றுவிடுகிறவர், சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தபடி ஊர் சுற்றி வருவது இதனால்தான். நின்றாலும் நடந்தாலும் கால் மரத்துப்போவது, உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் சரியாவது: இந்த நோயின் அடையாளமே இதுதான். 1950களில் நெதர்லாந்தைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஹெங்க் ஃபெர்பீஸ்ட் இந்த அறிகுறிகளையும் குறுகிய கால்வாயையும் தொடர்புபடுத்தி விளக்கிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியது.

ஆபரேஷனில் பின்பக்கத்து எலும்புக் கூரையின் ஒரு பகுதியையும் தடித்த நாரையும் எடுத்துவிடுகிறார்கள். நெருக்கம் தளர்கிறது. டாக்டர்கள் இதை 'டிகம்ப்ரஷன்' என்றோ 'லாமினெக்டமி' என்றோ சொல்வார்கள். நன்றாகக் கவனியுங்கள்: தேய்ந்த டிஸ்க்கும், தேய்ந்த மூட்டும், வலுவிழந்த முதுகுத் தசைகளும் அப்படியேதான் இருக்கின்றன. நரம்புக்கு இடம் கிடைத்தால் காலுக்குப் பலன் கிடைக்கும். முதுகு வலி பலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது. அதை நம்பி மட்டும் மேஜையில் ஏறக் கூடாது.

காலிலும் எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பாது. நடக்கும்போது இழுக்கும் வலியும் கடுப்பும்தான் முதலில் விடைபெறும். பலருக்கு முதல் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், பாதத்தில் கொஞ்சம் தங்கிவிடவும் கூடும். நீண்ட நாளாகப் பாதம் தொங்கிச் செருப்பு நழுவும் அளவுக்குப் பலவீனம் இருந்தால், அது முழுவதும் மீளும் என்று யாரும் உறுதி தர முடியாது. நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் போன மறுநாளே பழைய நரம்பாகிவிடாது.

எண்கள் சொல்வது

'சக்சஸ் ரேட் எவ்வளவு டாக்டர்?' என்று எல்லோரும் கேட்கிறோம். ஒரே எண்ணாகப் பதில் வந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எதை வெற்றி என்று எண்ணினார்கள், எத்தனை வருடம் கழித்து எண்ணினார்கள், யாரோடு ஒப்பிட்டு எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவில் நடந்த 'ஸ்போர்ட்'. 13 முதுகெலும்பு மையங்களைச் சேர்ந்த 654 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 289 பேரைக் குலுக்கல் முறையில் ஆபரேஷன் என்றும் ஆபரேஷன் இல்லாத சிகிச்சை என்றும் பிரித்தார்கள். மீதி 365 பேர் தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருட முடிவுகள் 2008ல் வெளிவந்தன. உண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டால், மூன்றாவது மாதத்திலேயே ஆபரேஷன் பக்கம் வலியிலும் அன்றாட நடமாட்டத்திலும் தெளிவாக முந்தியிருந்தது. இரண்டு வருடம் வரை அந்த முன்னிலை நீடித்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களிடம் பாதிதான் சொன்னதாகும். ஆபரேஷன் என்று குலுக்கலில் வந்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் 67 சதவீதம் பேர்தான் உண்மையில் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று வந்தவர்களில் 43 சதவீதம் பேர் போய்ச் செய்துகொண்டார்கள். வலி தாங்க முடியாதவர் அந்தப் பக்கம் தாவினார், வலி தணிந்தவர் இந்தப் பக்கம் நின்றுவிட்டார். ஆகவே குலுக்கல் பிரிப்பு கலைந்துபோயிற்று. கிடைத்த வித்தியாசத்தில் எவ்வளவு கத்தியால் வந்தது, எவ்வளவு ஆளால் வந்தது என்று முற்றாகப் பிரித்துச் சொல்வது கடினம்.

அதே ஆட்களை எட்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். விரும்பித் தேர்ந்தெடுத்த குழுவில் ஆபரேஷனின் பலன் நிலைத்திருந்தது. குலுக்கல் குழுவில் நான்காம் வருடத்துக்குப் பிறகு இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 148 பேரைப் பத்து வருடம் கவனித்த இன்னொரு ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. பத்து வருடம் கழித்தும் கால் வலியிலும் நடமாட்டத்திலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மேலாகவே இருந்தார்கள். ஆனால் முதுகு வலி தணிந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 53 சதவீதம், மற்றப் பக்கம் 50 சதவீதம். கிட்டத்தட்ட சமம். என் பெரியம்மா பேசியது இந்த எண்ணைப் பற்றித்தான். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே.

பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வு ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 2015ல் வெளிவந்தது அது. ஆபரேஷனுக்குத் தகுதியானவர்கள், ஆபரேஷனுக்குச் சம்மதித்தும் விட்டவர்கள், 169 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், மற்றவர்களுக்கு வாரம் இரண்டு முறை என ஆறு வாரம் பிசியோதெரபி. இரண்டு வருட முடிவில் இரு குழுவுக்கும் நடமாட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை வைத்து 'பிசியோதெரபியே போதும்' என்று முழங்குகிறவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை: பிசியோதெரபி குழுவில் 57 சதவீதம் பேர் பிற்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அதேபோல, ஆபரேஷன்தான் வழி என்கிறவர்கள் மீதி 43 சதவீதம் பேரைப் பார்ப்பதில்லை. கத்தி படாமலே அவர்கள் சமாளித்திருக்கிறார்கள், அதுவும் ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லிவிட்ட பிறகு.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. ஒழுங்கான உடற்பயிற்சியும் வலி மருந்தும் மூன்று மாதமாவது முயன்றும் நடக்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறதா, காலை இழுக்கும் வலிதான் பிரதானமா, அப்படியானால் ஆபரேஷன் நல்ல பலன் தரக்கூடிய சிகிச்சை. தூரம் குறையாமல் நிற்கிறது, வேண்டிய வேலைகள் நடக்கின்றன என்றால் காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. இந்த நோயில் திடீரென்று கால் செயலிழந்துபோவது அபூர்வம். 'இப்போதே செய்யாவிட்டால் படுத்த படுக்கைதான்' என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். முதுகெலும்பின் இடுக்கில் போடும் ஸ்டெராய்டு ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை: 400 பேரிடம் நடத்தி 2014ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டெராய்டு சேர்த்துப் போட்டவர்களும் மரத்துப்போகும் மருந்து மட்டும் போட்டவர்களும் ஆறாவது வாரத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். தற்காலிக நிம்மதி கிடைத்தால் சரி. மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே போவதற்கு அது காரணமாகாது.

ஸ்க்ரூ வேண்டுமா?

செலவும் வேதனையும் இரண்டு மடங்காகும் கேள்வி இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நெருக்கத்தை மட்டும் எடுத்துவிடுவது ஒரு வகை. அதோடு இரண்டு முள்ளெலும்புகளை ஸ்க்ரூவும் ராடும் போட்டு இணைத்து ஒன்றாக்குவது இன்னொரு வகை. இதை 'ஃப்யூஷன்' என்பார்கள். அமெரிக்காவில் 2002 முதல் 2007 வரை, அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த முதியவர்களிடையே, சிக்கலான பல கட்ட ஃப்யூஷன் ஆபரேஷன்கள் சுமார் 15 மடங்கு பெருகின. நோய் 15 மடங்கு பெருகவில்லை. அதே கணக்கெடுப்பில், உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் டிகம்ப்ரஷன் மட்டும் செய்தவர்களுக்கு 2.3 சதவீதம், சிக்கலான ஃப்யூஷன் செய்தவர்களுக்கு 5.6 சதவீதம்.

பலன் அந்த அளவுக்குக் கூடியதா? ஸ்வீடனில் 50 முதல் 80 வயது வரையிலான 247 பேரைக் குலுக்கலில் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2016ல் வந்தது. இரண்டு வருடம் கழித்து ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். எனக்குப் பிடித்த அளவுகோல் இது. கேள்வித்தாளைவிடக் கால் பொய் சொல்லாது. ஸ்க்ரூ போட்டவர்கள் சராசரியாக 397 மீட்டர் நடந்தார்கள். போடாதவர்கள் 405 மீட்டர். வித்தியாசம் என்று சொல்லவே ஒன்றுமில்லை. ஆனால் ஸ்க்ரூ போட்டவர்கள் மருத்துவமனையில் சராசரியாக 7.4 நாள் இருந்தார்கள், மற்றவர்கள் 4.1 நாள். ரத்த இழப்பும் செலவும் அவர்களுக்குக் கூடுதல். ஆறரை வருடத்தில் மறு ஆபரேஷன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.

'அம்மாவுக்கு எலும்பு நகர்ந்திருக்கு, அதனால ஸ்க்ரூ போட்டே ஆகணும்' என்பது அடுத்து வரும் வாதம். ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் சில மில்லிமீட்டர் முன்னால் நழுவியிருப்பது இந்த வயதில் சாதாரணமாகக் காணக்கூடியது. நார்வேயில் அப்படி நழுவல் உள்ள 267 பேரை மட்டுமே எடுத்துக்கொண்டு ஆய்வு செய்து 2021ல் வெளியிட்டார்கள். ஸ்க்ரூ இல்லாதவர்களில் 71.4 சதவீதம் பேருக்கும், ஸ்க்ரூ உள்ளவர்களில் 72.9 சதவீதம் பேருக்கும் இரண்டு வருடத்தில் கண்கூடான முன்னேற்றம். மறு ஆபரேஷன் முறையே 12.5, 9.1 சதவீதம். அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த சிறிய ஆய்வொன்று சற்று மாறிய படத்தைக் காட்டியது. அங்கே ஃப்யூஷன் செய்தவர்களின் பொதுவான உடல்நலம் கொஞ்சம் மேலாக இருந்தது. நான்கு வருடத்தில் மறு ஆபரேஷனும் குறைவு, 14 சதவீதம். ஃப்யூஷன் செய்யாதவர்களுக்கு 34 சதவீதம். ஆக, டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பது நேர்மையான வேறுபாடுதான். ஸ்க்ரூ சொன்னவர் எல்லாம் பணம் பறிப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஸ்க்ரூ தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்மையாகவே உண்டு. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேக்களில் எலும்பு அதிகமாக ஆடினால், முதுகு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போனால், நரம்பை விடுவிக்க மூட்டின் பெரும்பகுதியை எடுத்தாக வேண்டியிருந்தால், எலும்பு ஒடிந்திருந்தால் அது வேறு கதை. ஆகவே டாக்டரிடம் மரியாதையாக இதைக் கேளுங்கள்: "டாக்டர், எனக்கு ஸ்க்ரூ எதுக்காகத் தேவைப்படுது? ஸ்க்ரூ இல்லாம செஞ்சா என்ன ஆகும்?" ஆடும் எலும்பைப் படத்தில் காட்டி விளக்கினால் நம்பலாம். 'எல்லாருக்கும் இப்படித்தான் செய்றோம்' என்பது பதிலாகாது.

முள்ளெலும்புகளின் நுனிகளுக்கு இடையில் சின்னக் கருவியைச் செருகி விரித்துவைக்கும் முறையும் ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. நெதர்லாந்தில் 159 பேரிடம் சோதித்தபோது, ஒரு வருடத்துக்குள் கருவி வைத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தது, வழக்கமான டிகம்ப்ரஷனில் 8 சதவீதம். அதற்குப் பிறகும் யாராவது பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள். 'கீ-ஹோல்', மைக்ரோஸ்கோப், எண்டோஸ்கோப் என்று விளம்பரங்களில் வரும் சொற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எந்தக் கருவியில் உங்கள் டாக்டரின் கை நன்றாகப் பழகியிருக்கிறதோ அதுவே நல்லது.

யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு

ஒரே ஆபரேஷன், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், வெவ்வேறு பலன். இது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை.

முதுகு வலியைவிடக் கால் வலி கூடுதலாக இருப்பவர்கள் அதிகம் பயன்பெறுகிறார்கள். அறிகுறி தொடங்கி ஒரு வருடத்துக்குள் செய்துகொண்டவர்கள், பல வருடம் இழுத்தவர்களைவிட மேலாக இருப்பது 'ஸ்போர்ட்' ஆய்வில் தெரிந்தது. மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: ஓடிப்போய்ச் செய்ய வேண்டாம், செய்வதென்று முடிவானபின் வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்.

புகைபிடிப்பவர்களின் முன்னேற்றம் குறைவு என்பதை ஸ்வீடனின் நாடளாவிய முதுகெலும்பு ஆபரேஷன் பதிவேடு காட்டியிருக்கிறது. ஃப்யூஷன் என்றால் எலும்பு ஒட்டுவதற்கே புகை எதிரி. சர்க்கரை நோய் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், தொற்றுக்கு வழிவிடும். தவிர, பல வருட சர்க்கரை பாத நரம்புகளைத் தனியாகவே கெடுத்திருக்கலாம். முதுகில் கால்வாயை அகலமாக்கினாலும் அந்தப் பாத எரிச்சல் போகாது. நம் ஊரில் இந்த இரண்டும் சேர்ந்து வருவது ஏராளம். எந்த எரிச்சல் எதனால் என்று முன்பே பிரித்தறியச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நரம்புப் பரிசோதனை செய்வார்கள். முழங்கால் மூட்டோ இடுப்பு மூட்டோ தேய்ந்திருந்தால் அதுவும் நடையைத் தடுக்கும். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடக்கும்போது கால் கடுக்கும். அங்கே குனிய வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும், வலி அடங்கிவிடும்.

மனச்சோர்வைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறார்கள், நான் தயங்கப் போவதில்லை. ஆபரேஷனுக்கு முன் மனச்சோர்வில் இருந்தவர்களின் பலன் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வருடக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கியவருக்குச் சோர்வு வருவதில் வியப்பில்லை. தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை இருந்தால் வீட்டார் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதலில் அதற்கு மருத்துவம் பாருங்கள்.

எம்ஆர்ஐ படம் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. முதுகுத் தொந்தரவே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த 1990ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கால்வாய்ச் சுருக்கம் இருந்தது. அவர்கள் நன்றாக நடந்துகொண்டிருந்தவர்கள். ரிப்போர்ட்டில் 'சிவியர்' என்று பார்த்ததும் பதறாதீர்கள். உங்கள் காலும் படமும் ஒரே இடத்தைச் சுட்டினால்தான் ஆபரேஷனுக்கு அர்த்தம்.

தவறக்கூடியவை

நரம்புகளைச் சுற்றியுள்ள உறை கிழிவது அடிக்கடி நேரும் சிக்கல். 'ஸ்போர்ட்' ஆய்வில் சுமார் 9 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. அங்கேயே தைத்துவிடுவார்கள், சில நாள் மல்லாந்து படுக்கவைப்பார்கள். பெரும்பாலும் நீண்ட காலப் பாதிப்பு இருக்காது. தொற்று, ரத்தக் கட்டு, மயக்க மருந்தால் முதியவர்களுக்கு வரும் தற்காலிகக் குழப்பம் ஆகியவையும் உண்டு. நரம்பு நிரந்தரமாகக் கெடுவது அபூர்வம், ஆனால் அறவே இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மறு ஆபரேஷன் வாய்ப்பை முன்கூட்டியே மனதில் கொள்ளுங்கள்: 'ஸ்போர்ட்'டில் எட்டு வருடத்தில் 18 சதவீதம், மெய்ன் ஆய்வில் பத்து வருடத்தில் 23 சதவீதம். அதே இடம் மறுபடி சுருங்கலாம், பக்கத்து மட்டமும் சுருங்கலாம். வயது மட்டுமே தடை இல்லை. எண்பதுகளில் செய்துகொண்டு நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றே ஒன்று. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுவதும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வேகமாக வலுவிழப்பது. இவற்றில் ஏதாவது வந்தால் காலை வரை பொறுக்காமல் அன்றிரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இங்கே மணிக்கணக்கு முக்கியம்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில், ஒரே தெருவில் நடங்கள். எந்த இடத்தில் கால் கடுக்க ஆரம்பித்தது, எங்கே உட்கார வேண்டிவந்தது, எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது என்று எழுதுங்கள். தூரம் மீட்டரில் தெரியாவிட்டால் மின்கம்பங்களை எண்ணுங்கள். கால் வலிக்கு ஒன்று முதல் பத்துவரை ஒரு மதிப்பெண், முதுகு வலிக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போடாதீர்கள்.

பிறகு ஒரு பக்கத்தில், ஆபரேஷன் முடிந்தபின் செய்ய விரும்பும் மூன்று காரியங்களை எழுதுங்கள். 'நன்றாக இருக்க வேண்டும்' என்று எழுத வேண்டாம். 'கோயில் பிராகாரத்தை உட்காராமல் ஒரு சுற்று வர வேண்டும்', 'ரேஷன் கடை வரிசையில் இருபது நிமிடம் நிற்க வேண்டும்', 'பேத்தியைப் பள்ளி வாசல் வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும்' என்ற மாதிரி எழுதுங்கள். டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, இவற்றில் எது நடக்கும், எது சந்தேகம் என்று கேளுங்கள். கையில் எழுத்து இருந்தால் அவரும் நின்று பதில் சொல்வார். என் பெரியம்மாவுக்கு இப்படி ஒரு பக்கம் இருந்திருந்தால் நான்கு மாதம் ஏமாற்றத்தோடு இருந்திருக்க மாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அடுத்த அத்தியாயத்தில் விரிவாக வரும். டிகம்ப்ரஷன் மட்டும் என்றால் பெரும்பாலோரை மறுநாளே எழுந்து நடக்கவைப்பார்கள். முதல் ஆறு வாரம் குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குவது, தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குவது, பாயிலிருந்து எழுவது எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால், ஆபரேஷன் தேதிக்கு முன்பே மேலே வைக்கும் நாற்காலி ஸ்டூலை வாங்கிவையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று தேடக் கூடாது. நடை மட்டும் தடையில்லை. தினமும் இரண்டு மூன்று தடவை, சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுங்கள். காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கினாலும் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அதே நோட்டில் ஆறாவது வாரமும், மூன்றாவது மாதமும், ஒரு வருடத்திலும் அதே தெருவை நடந்து எழுதுங்கள். மின்கம்பங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து, பிறகு ஏதோ ஒரு மாதத்தில் இறங்கத் தொடங்கினால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். முதுகு வலியின் மதிப்பெண் அப்படியே இருந்து, கம்பங்கள் மட்டும் கூடியிருந்தால், பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதுகுத் தசைகளுக்கான பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.